முப்பத்துநாலு தாளிலும் வடக்கு

மல்வேர்ன், ரொறன்ரோ
28 யூன் 2025

கோணேஸ்வரன் சேருக்கு,

வணக்கம். இதை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து நிமிடத்தில் முடித்திருப்பேன். ஆனால் ஆங்கிலத்தில் நான் கோபப்பட்டால் அது கந்தோர்க் கடிதம் மாதிரி வந்துவிடும். எனக்கு வந்திருப்பது உண்மையான கோபம். அதனால் தமிழில், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

எட்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் உங்கள் பத்தாம் வகுப்புக்கு நான் இங்கிருந்து கணினித் திரையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கிழமை முழுக்க ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்து இதையும் செய்கிறேன். இணைப்பள்ளித் திட்டத்துக்கு ஒரேயொரு விதிதான் இருக்கிறது: பாடம் ஆங்கிலத்தில் மட்டும். நீங்களோ நடுப்பாடத்தில் மைக்கை மூடிவிட்டு, கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தமிழில் என்னவோ சொல்லுகிறீர்கள். பிள்ளைகள் எல்லோரும் உங்களையே பார்க்கிறார்கள். சுவரில் மாட்டிய படம் மாதிரி நான் இங்கே சிரித்துக்கொண்டிருக்கிறேன். போன கிழமை எண்ணினேன். நாலு தரம்.

அதைவிடப் பெரிய விசயம் நிழல் பரிசோதனை. ஒரு மீற்றர் தடியை நட்டு, சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நிழலின் நீளத்தையும் திசையையும் குறிக்க வேண்டும். இங்கே என்னுடைய மாணவர்கள், அங்கே புளியடிச்சேனையில் உங்கள் மாணவர்கள். இரண்டு ஊர் நிழலிலிருந்தும் வரும் கோணங்களை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணிக்க வேண்டும். எங்களுக்கு வந்த விடை மூன்று இலட்சத்துச் சொச்சம் கிலோமீற்றர். உண்மையான சுற்றளவு நாற்பதினாயிரம். பூமி எட்டு மடங்கு பெருத்துவிட்டது. என் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

எங்கள் அளவு சரி. நானே பக்கத்தில் நின்றேன். ஆகவே பிழை உங்கள் பக்கம். உங்களிடமிருந்து வந்த முப்பத்துநாலு தாளிலும் ‘நிழல் வடக்கே விழுந்தது’ என்று ஒரே வசனம். மாதிரித்தாளில் நான் எழுதியதை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். அளந்தார்களா என்பதே சந்தேகம். தக்ஷிகா என்ற பிள்ளை மட்டும் முதலில் ‘தெற்கு’ என்று எழுதி, தாளின் பின்பக்கத்தில் தமிழில் அரைப்பக்கம் எழுதியிருந்தாள். தமிழில் எழுதியதைத் திருத்துவதில்லை என்பது உங்களுக்கும் தெரிந்த விதி. சிவப்பில் ‘திசையைச் சரிபார், ஆங்கிலத்தில் மட்டும்’ என்று போட்டுத் திருப்பி அனுப்பினேன். அவளும் வடக்கு என்று மாற்றி அனுப்பிவிட்டாள்.

திட்டத் தலைவர் இரத்தினவேல் அங்கிள் அறிக்கை கேட்கிறார். உங்கள் வகுப்பின் அளவுகளை நம்பமுடியாது என்றும், அடுத்த தவணையிலிருந்து தமிழ் ஆசிரியர் வகுப்பறையில் இருக்கத் தேவையில்லை என்றும் எழுதப்போகிறேன். உங்களுக்குச் சொல்லாமல் எழுதுவது சரியில்லை என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்று. ஒப்பந்தப்படி இந்த வகுப்பு சாதாரண தர விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். மொழிமூலப் படிவம் யூலை 31க்கு முன் வலயக் கல்விக் கந்தோருக்குப் போயாக வேண்டும். பெற்றோரிடம் நீங்கள் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை என்று உங்கள் அதிபர் சொல்கிறா. ஏன்?

கஜனி
பாட இணைப்பாளர்


புளியடிச்சேனை, மட்டக்களப்பு
1 யூலை 2025

கஜனி மிஸ் அவர்களுக்கு,

ஆமாம், மைக்கை மூடினேன். நீங்கள் எண்ணியது நாலு. நான் மூடியது ஆறு தரம்.

‘விளங்கிச்சா?’ என்று நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டதும் முப்பத்துநாலு பேரும் ‘யெஸ் மிஸ்’ என்று ஒரே குரலில் சொல்கிறார்களே, அதை நீங்கள் பதில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மிஸ், அது வணக்கம் சொல்வது மாதிரி. பெரியவர்கள் கேட்டால் ஓம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் இங்கே பிள்ளைகளை வளர்க்கிறோம். அடர்த்தி பாடம் முடிந்த அன்று நீங்கள் போன பிறகு நான் கேட்டேன். வரைவிலக்கணத்தை எல்லோரும் ஆங்கிலத்தில் ஒப்புவித்தார்கள். ‘சரி, வாவியில விழுந்த தேங்காய் ஏன் மிதக்குது?’ என்றேன். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. தவழுகிற வயதிலிருந்து தண்ணியோடு கிடக்கிற பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பில் இதே பிள்ளைகள் இதே கேள்விக்கு என்னோடு சண்டை பிடித்து விடை சொன்னவர்கள்.

நீங்கள் எழுதிய அந்தத் தக்ஷிகா, போன வருடம் தமிழில் விஞ்ஞானத்துக்கு 91 எடுத்தவள். உங்கள் தவணைப் பரீட்சையில் 38. போன புதன்கிழமை என்னிடம் வந்து, “சேர், எனக்கு சயன்ஸ் வராது. ஓ.எல் முடிய நான் ஆர்ட்சுக்குப் போறன்” என்றாள். கலைப்பிரிவு குறைவானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் விஞ்ஞானம் வரும் ஒரு பிள்ளை தனக்கு வராது என்று நம்பிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அதனால்தான் படிவம் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதிபர் கேட்டால் இன்னும் பத்து நாளைக்குக் கிடக்கும்.

என்னை வகுப்பறையை விட்டு வெளியேற்றும் அறிக்கையைத் தாராளமாக எழுதுங்கள். அதற்கு முதல், அந்தத் தாளின் பின்பக்கத்தை ஒருதரம் வாசியுங்கள். இவ்வளவு வடிவாகத் தமிழில் சண்டை பிடிக்கத் தெரிந்தவருக்கு அரைப்பக்கம் வாசிக்க முடியாதா?

இ. கோணேஸ்வரன்


மல்வேர்ன்
3 யூலை 2025

கோணேஸ்வரன் சேர்,

அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தை என் தலையில் கட்டிவிடப் பார்க்கிறீர்கள். அது நடக்காது.

விளங்காத மொழியில் வகுப்பில் இருப்பது எப்படி என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். எனக்குப் பதினொரு வயது, அண்ணா கீதனுக்குப் பதின்மூன்று. சுன்னாகத்திலிருந்து கொழும்பு, அங்கிருந்து இங்கே. வந்து மூன்றாம் நாள் இரண்டு பேரையும் மல்வேர்னில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அம்மா பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டா. இரண்டு வருடம் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. எனக்காக ஒருவரும் மைக்கை மூடவில்லை. பக்கத்தில் இருந்து ஒருவரும் தமிழில் சொல்லவில்லை. நான் செத்துப் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன், பல்கலைக்கழகம் போனேன், இன்று அதே மொழியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

உங்கள் பிள்ளைகள் நாளைக்கு மருத்துவபீடத்துக்கோ பொறியியலுக்கோ போனால் புத்தகம் தமிழிலா இருக்கப்போகிறது? அன்றைக்கு மைக்கை மூட யார் வருவார்? கதவு திறந்திருக்கும்போது உள்ளே போக விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, பாசம் என்று சொல்லுகிறீர்கள்.

பின்பக்கத்தை வாசிக்க முடியாது. திருத்தாத தாள்களின் படங்களை நான் வைத்திருப்பதில்லை, அழித்துவிட்டேன். அவ்வளவு முக்கியம் என்றால் அதில் என்ன இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

கஜனி


புளியடிச்சேனை
6 யூலை 2025

கஜனி மிஸ்,

சொல்லுகிறேன். அவளுடைய கொப்பியை வாங்கிப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன்:

‘மிஸ், நான் மூன்று நாள் அளந்து பார்த்தேன். நிழல் 28 சென்ரிமீற்றர். தெற்குப் பக்கம்தான் விழுகிறது. மாதிரித்தாளில் வடக்கு என்று இருக்கிறது. உங்கள் ஊருக்கு அது சரியாக இருக்கும். இந்த மாதம் சூரியன் எங்கள் ஊருக்கு வடக்கே நிற்கிறது, உங்கள் ஊருக்குத் தெற்கே நிற்கும். அதாவது சூரியன் எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்கிறது. அப்படியென்றால் இரண்டு கோணத்தையும் கழிக்கக்கூடாது, கூட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். சரியா மிஸ்? இதை ஆங்கிலத்தில் எழுத எனக்குச் சொல் காணாது. மன்னிக்கவும்.’

அவ்வளவுதான். மன்னிப்பும் அவள்தான் கேட்டிருக்கிறாள்.

சித்திரை நடுவிலிருந்து ஆவணி நடுவரைக்கும் எங்களுக்கு நண்பகல் சூரியன் வடக்கால் போகும், மிஸ். இங்கே வெயிலில் நிற்கிற எவருக்கும் தெரியும். நீங்கள் கூட்டிப் பாருங்கள், பூமி மெலிகிறதா என்று.

இன்னொன்று கேட்க வேண்டும். கோபிக்காதீர்கள், கோபித்தாலும் பரவாயில்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு பேர் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போனீர்கள். ஒருவர்தான் வெளியே வந்தீர்கள். அண்ணாவுக்கு என்ன நடந்தது?

இ. கோணேஸ்வரன்


மல்வேர்ன்
9 யூலை 2025

கோணேஸ்வரன் சேர்,

கூட்டினேன். முப்பத்தாறு பாகை. சுற்றளவு நாற்பதினாயிரத்துச் சொச்சம். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு தடியையும் அளவு ரேப்பையும் வைத்துக்கொண்டு பூமியைச் சரியாக அளந்திருக்கிறாள். நான் அதைச் சிவப்பில் வெட்டியிருக்கிறேன். பதினாறு வருடமாகப் படிப்பிக்கிறேன். கனடாவில் நிழல் வடக்கே விழுந்தால் உலகம் முழுக்க வடக்கே விழும் என்று நினைத்த முட்டாள் நான்தான். அதுகூடப் பரவாயில்லை, பிழை விடாத ஆசிரியர் இல்லை. அவள் விளக்கி எழுதியதை வாசிக்கத் தெரிந்திருந்தும் வாசிக்காமல் விட்டேனே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அண்ணாவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு முதலில் உங்களை வாயில் வந்தபடி திட்டினேன். பிறகு பிறம்ரனுக்குப் போனேன். அண்ணா அங்கே ஒரு வெயர்ஹவுசில் வேலை. ஊரில் என்னைவிட நல்லாய்ப் படித்தது அவன்தான். எனக்குப் பின்னம் சொல்லித் தந்ததும் அவன்தான். பதினோராம் வகுப்போடு நிறுத்திவிட்டான். குடும்பத்தில் எல்லோரும் அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

“அண்ணா, உனக்கு அப்ப விளங்கேல்லை எண்டு ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். “விளங்கேல்லை எண்டு சொல்லவும் இங்கிலிஷ் வேணுமடி. அது என்னட்டை இருக்கேல்லை. உனக்கு வயசு குறைவு, கெதியாப் பிடிச்சிட்டாய். எனக்கு ரெண்டு வருசம் பிந்திப் போச்சு” என்றான். இருபத்தைந்து வருடமாக நான் கேட்காத கேள்வி. கேட்டதும் உடனே பதில் சொன்னான். கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு இரத்தினவேல் அங்கிள் வீட்டில் கூட்டம். எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அதுவரைக்கும் படிவம் உங்கள் லாச்சியிலேயே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. நான் எண்ணாயிரம் மைலுக்கு அங்கால் இருந்தேன். நீங்கள் அந்த முற்றத்தில் நின்றீர்கள். நிழல் உங்கள் காலடியில்தான் விழுந்தது. பிறகு எப்படி முப்பத்துநாலு தாளிலும் வடக்கு?

கஜனி


புளியடிச்சேனை
13 யூலை 2025

கஜனி மிஸ்,

கடிதம் கிடைத்தது. அண்ணாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தாள்களைப் பற்றி இப்போது பேசி என்ன? பிள்ளைகள் பார்த்து எழுதுவது எங்கும் நடப்பதுதானே. படிவம்தான் அவசரம். பெற்றோர் கையெழுத்து வராவிட்டால் திட்ட ஒப்பந்தத்தைக் காட்டித் தானே அனுப்பிவிடுவேன் என்று அதிபர் சொல்லிவிட்டா. ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவைப் பாருங்கள். ஒரு மாணவரை ஆங்கில மூலத்திலிருந்து விடுவிப்பதென்றால் பாட இணைப்பாளரின் கையெழுத்துப் போதுமாம். அந்த இணைப்பாளர் நீங்கள்தான்.

தக்ஷிகா சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை.

இ. கோணேஸ்வரன்


மல்வேர்ன்
21 யூலை 2025

கோணேஸ்வரன் சேர்,

நேற்று அஜக்ஸில், அங்கிள் வீட்டில், கூட்டம் நடந்தது. தேத்தண்ணிக்கு ரோல்ஸ், பற்றிஸ், பெரிய தொலைக்காட்சியில் உங்கள் வகுப்பின் வீடியோ. பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்று ஆங்கிலத்தில் ஒளித்தொகுப்பின் வரைவிலக்கணத்தைச் சொல்கிறார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவரும் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு இலையைக் காட்டி ஒரு கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் எழும்பி நிழல் கதையைச் சொல்லி, ‘ஆங்கிலத்தில் மட்டும்’ என்ற விதியை எடுக்கச் சொன்னேன். இரத்தினவேல் அங்கிள் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “பிள்ளை, ஒரு பெட்டை ஒரு தாளில பிழை விட்டதுக்குத் திட்டத்தையே நிப்பாட்டுறதோ?” என்றார்.

“பிழை விட்டது அவள் இல்லை அங்கிள். நான்.”

“அதை ஏன் பிள்ளை வெளியில சொல்லுறீர்? ஆருக்குத் தெரியப்போகுது?”

“அவளுக்குத் தெரியும்.”

“அங்கத்தைய தாய் தேப்பன்மார் இங்கிலிஷ்தான் கேக்கினம். நாங்கள் திணிக்கேல்லை. அவையள் கேக்கிறதைக் குடுக்கிறம். நீர் இங்கிலிஷில படிச்சு ரீச்சராகி நல்லா இருக்கிறீர், அதுகளை மட்டும் தமிழிலயே கிடவுங்கோ எண்டு சொல்லுறீர்.”

இந்த மாதத் தொடக்கத்தில் நான் உங்களுக்கு எழுதியதும் அதுதான், சேர். “ஆங்கிலத்தை ஆங்கிலமாப் படிப்பியுங்கோ, நானே எடுக்கிறன். ஆனா விளங்கின சாமானைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டு அந்த இடத்தில பாடமாக்கின வசனத்தை வைக்காதேங்கோ” என்று கத்தினேன். ஆம், கத்தினேன். அன்ரிமார் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்தார்கள். என் பேச்சு எடுபடவில்லை. வாக்கெடுப்பில் என்னோடு சேர்ந்து கை தூக்கியது ஒரே ஒரு ஆள்.

ஆனால் பதவியை விடும்வரைக்கும் நான் இணைப்பாளர்தானே. வந்து காருக்குள் இருந்து, எட்டாம் பிரிவின் கீழ் முப்பத்துநாலு விடுவிப்புக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டேன். யார் எந்த மொழியில் எழுதுவது என்று பிள்ளையும் பெற்றோரும் தீர்மானிக்கட்டும். இன்று காலை பதவியை விட்டுவிட்டேன். திட்டம் உங்கள் வகுப்புக்குத் தந்த புரொஜெக்டரைத் திருப்பிக் கேட்பார்களாம். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதோடு தக்ஷிகாவுக்கு ஒரு கடிதம் இணைத்திருக்கிறேன், தமிழில். ‘நீ எழுதியது சரி. நான் சொன்னது பிழை. நான் அதை வாசிக்கவே இல்லை. உன்னுடைய புள்ளி பத்துக்குப் பத்து’ என்று எழுதியிருக்கிறேன். வகுப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். நான் திருப்பி அனுப்பியதும் எல்லோர் முன்னாலும்தானே.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

கஜனி


புளியடிச்சேனை
29 யூலை 2025

அன்புள்ள கஜனி மிஸ்,

படிவங்கள் இன்று வலயக் கந்தோருக்குப் போய்விட்டன. இருபத்தொன்பது பேர் தமிழ், ஐந்து பேர் ஆங்கிலம். ஐந்து பேரும் தாங்களாகக் கேட்டவர்கள். தக்ஷிகா தமிழ். அதிபர் என்னோடு கதைப்பதில்லை. அதுவும் ஒரு நிம்மதிதான்.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதாமல் மூன்று கிழமை இழுத்தேன். மைக்கை மூடியதைப் பெருமையாக எழுதத் தெரிந்த எனக்கு இதை எழுத வரவில்லை. பரிசோதனை நடந்த அன்று முற்றத்தில் நின்றேன். நிழல் தெற்கே விழுந்ததைக் கண்டேன். கையில் உங்கள் மாதிரித்தாள், வழுவழுப்பான கடதாசியில், கனடாவிலிருந்து அச்சடித்து வந்தது. அதில் வடக்கு என்று இருந்தது. இருபத்திரண்டு வருடம் படிப்பித்த எனக்கு ஒரு நொடி என் கண்ணில்தான் சந்தேகம் வந்தது, தாளில் வரவில்லை. அந்த நொடி போன பிறகும் நான் அதை மாற்றவில்லை. “மிஸ் குடுத்தபடி எழுதுங்க” என்று எல்லோருக்கும் சொன்னேன். முப்பத்துமூன்று பேர் எழுதினார்கள். அவள் எழுதவில்லை.

நீங்கள் திருப்பி அனுப்பிய தாளோடு அவள் முதலில் வந்தது என்னிடம்தான். ரேப்பையும் கொண்டு வந்தாள். “சேர், வாங்க, திரும்ப அளந்து பாப்பம்” என்றாள். நான் போகவில்லை. “அழிச்சிட்டு வடக்கு எண்டு எழுது மகள், ஏன் வீண் பிரச்சினை” என்றேன். தனக்கு விஞ்ஞானம் வராது என்று அவள் சொன்னது அதற்கு இரண்டு நாள் கழித்து. நீங்கள் ஒருதரம் வெட்டினீர்கள். அவளை அழிக்க வைத்தது நான். பிறகு உங்கள் மேல் அவ்வளவு கோபத்தையும் கொட்டினேன். அந்தக் கோபம் பொய்யில்லை. ஆனால் அதில் பாதிக்குமேல் உங்களுக்கு உரியதில்லை.

நேற்று உங்கள் கடிதத்தை வகுப்பில் உரத்து வாசித்தேன். ஒரு ஆசிரியர் தன் பிழை என்று எழுதித் தந்ததை அவர்கள் முன்பின் கண்டதில்லை. தக்ஷிகா அழவில்லை, சிரிக்கவுமில்லை. முன்னால் வந்து கடிதத்தை வாங்கி, தானும் ஒருதரம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மிஸ் பாக்காமச் சொன்னாங்க. நீங்க பாத்துட்டுச் சொன்னீங்க, சேர். நீங்க எப்ப எழுதித் தருவீங்க?”

முப்பத்துமூன்று பேருக்கும் கேட்டது.

இன்று காலை எழுதிக் கொடுத்தேன். அரைப்பக்கம். அவள் நின்ற நிலையிலேயே வாசித்தாள், முடித்துவிட்டு மேலும் கீழும் பார்த்தாள்.

“எந்த நாள் அழிக்கச் சொன்னீங்க எண்டு போடல்லையே, சேர்.”

யூன் 23, திங்கட்கிழமை என்று போட்டேன்.

இ. கோணேஸ்வரன்